இருளர் மொழியில் ஒரு வகுப்பறைப் புத்தகம்: பணம் போன இடமும் வழி கிடைத்த இடமும்

நீலகிரியின் கீழ்ச்சரிவில், சுற்றிலும் இருளர் ஊர்கள் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகளின் வீட்டு மொழி கொஞ்சமாவது வகுப்புக்குள் வர வேண்டும், அவர்கள் ஊரின் பாட்டும் கதையும் பாடத்தில் இடம்பெற வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒரு வேலையில் இறங்கினேன். கைக்காசு முப்பதாயிரத்துக்கு மேல் போனது. ஒரு கல்வியாண்டின் பெரும்பகுதி போனது. அதைவிட, யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் தனியாகத் திண்டாடியதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அழுத நாளும் உண்டு. இப்போது பழங்குடி ஊர்களுக்கு அருகில் வேலை பார்க்கும் ஆசிரியர்களும் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களும் இதே முயற்சியைத் தொடங்குகிறார்கள். அவர்களுக்காகத்தான் நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன்.

இந்த எண்ணம் எனக்கு வரக் காரணம் வகுப்பில் நிலவிய அமைதி. முன்வரிசையில் ஒரு சிறுமி. நான் எது கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்வாள். மணி அடித்து வெளியே போனதும் தோழிகளோடு மூச்சுவிடாமல் பேசுவாள். அவளுக்குப் பேச்சு வராமல் இல்லை, என் வகுப்பில் பேச அவளிடம் மொழி இல்லை. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் 2022 முதல் வரும் பயிற்சி நூல்களும் அட்டைகளும் நல்லவை, நான் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அவை வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையை மனதில் வைத்துச் செய்தவை. இருளர் மொழி தமிழுக்குப் பக்கத்து மொழி. அதுவே பிள்ளைகளுக்குப் பாதகமாகிவிடுகிறது. தோடர் பிள்ளை பேசினால் நமக்கு ஒன்றும் புரியாது, அதனால் வேறு மொழி என்று ஒத்துக்கொள்கிறோம். இருளர் பிள்ளை பேசினால் பாதி புரிகிறது, உடனே ‘தமிழைத் தப்பாகப் பேசுகிறான்’ என்று முடிவுகட்டிவிடுகிறோம். இருளர் மொழி தனி மொழிதான் என்று செக் நாட்டு மொழியியலாளர் கமில் சுவெலபில் 1973லேயே தனி நூல் எழுதி விளக்கியிருக்கிறார். தமிழ் நெடுங்கணக்கில் இல்லாத நடு உயிரொலிகள், அதாவது நாக்கின் நடுப்பகுதியை உயர்த்திச் சொல்லும் உயிரொலிகள், அதில் உண்டு. என் வகுப்புப் பிள்ளைகள் சொல்வதெழுதுதலில் செய்த ‘பிழைகள்’ பலவும் அந்த ஒலிகளை இருக்கிற எழுத்தில் எழுதப் பார்த்ததால் வந்தவை. இது தெரிந்த அன்றைக்கு, அதுவரை சிவப்பு மையில் சுழித்த நோட்டுகளை நினைத்து மனசு கனத்துப் போனது.

சரி, முதலில் கடையில் என்ன கிடைக்கும் என்று பார்த்தேன். ‘தமிழகப் பழங்குடிகள்’ என்ற பெயரில் ஒரு படத்தொகுப்பை 1,400 ரூபாய் கொடுத்து வரவழைத்தேன். பிரித்துச் சுவரில் மாட்டினேன். ‘இருளர்’ என்று தலைப்பிட்ட படத்தில் ஒருவர் இடுப்பில் இலை கட்டிக்கொண்டு கையில் பாம்போடு நின்றார். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு பையன், “இது யாரு டீச்சர்?” என்றான். வாய்விட்டுப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. பாம்பு பிடிப்பதில் பேர்பெற்ற இருளர்கள் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துச் சமவெளியில் இருப்பவர்கள். 1978இல் வடநெம்மேலியில் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் அவர்களுடையது. எங்கள் பிள்ளைகளின் அப்பா அம்மா எஸ்டேட் வேலைக்குப் போகிறார்கள், சாமையும் ராகியும் விதைக்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள். பெயர் ஒன்று என்பதால் வாழ்க்கையும் ஒன்றாகிவிடாது. அந்தப் படங்களை அன்றே கழற்றிவிட்டேன். நீங்கள் பண்பாட்டுப் படம், பொம்மை, அட்டை எதையாவது வாங்குவதாக இருந்தால், எந்த மாவட்டத்தில், எந்த ஊர் மக்களைப் பார்த்து வரைந்தது என்று விற்பவரிடம் முதலில் கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் வாங்காதீர்கள். இலை ஆடை வரைந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் நூல்களைத் தேடினேன். பொருள் நிறையவே இருக்கிறது, சிதறிக் கிடக்கிறது, அதிலும் பெரும்பாலானவை ஆராய்ச்சியாளர்களுக்காக எழுதியவை. ஊட்டியை அடுத்த முத்தோரை பாலடாவில் 1983 முதல் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே அருங்காட்சியகமும் நூலகமும் உண்டு. பிள்ளைகளை அழைத்துப் போகவும் ஏற்ற இடம். மைசூரில் 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் சிறு மொழிகளுக்கு இலக்கணமும் அகராதியும் வெளியிட்டு வருகிறது. மொழியியலாளர்கள் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியின் 1984ஆம் ஆண்டுப் பதிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. தோடர், கோத்தர், இருளர் சொற்கள் எல்லாம் அதில் வருகின்றன. தோடர் பிள்ளைகள் உள்ள பள்ளியில் இருப்பவர்களுக்கு எமனோ தொகுத்து 1971இல் வெளிவந்த தோடர் பாடல்கள் நூல் பெரிய புதையல். 1930களில் அவர் இந்த மலையிலேயே தங்கிக் கேட்டு எழுதியவை அவை. ஆனால் இவற்றில் பலவும் ரோமன் எழுத்தில், மேலும் கீழும் குறிகளோடு இருக்கும். அந்தக் குறிகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளவே எனக்குக் கோடை விடுமுறை போதவில்லை. நேரடியாகப் பாடத்தில் வைக்க இவை உதவாது. ஊர்ப் பெரியவரிடம் போகும் முன் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள உதவும்.

என் பெரிய செலவு இதற்குப் பிறகுதான். ஒரு ஆய்வு நூலிலிருந்து சொற்களை எடுத்து, தமிழ் எழுத்தில் மாற்றி, ஊர், காடு, வீடு, விலங்கு என்று பிரித்து ஒரு படச்சொல் புத்தகம் தயார் செய்தேன். தமிழில் இல்லாத உயிரொலிகளுக்கு எழுத்தின் மேல் இரட்டைப் புள்ளி வைத்தேன். ஓவியருக்கு 6,000 ரூபாய். வண்ணத்தில் 200 படி அச்சடிக்க 18,500 ரூபாய். கணினியில் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. அச்சகத்தில் யூனிகோடிலிருந்து அவர்களுடைய பழைய எழுத்துருவுக்கு மாற்றியிருக்கிறார்கள். கட்டுப் பிரித்தால், புள்ளி வைத்த இடமெல்லாம் சின்னச் சின்ன வெற்றுக் கட்டங்கள். சில இடங்களில் புள்ளியே காணோம், வேறு சொல்லாகிவிட்டது. அச்சகக்காரர், நீங்கள் கொடுத்த கோப்பு அப்படி என்றார். பணம் திரும்ப வரவில்லை.

கட்டம் விழாத பக்கங்களையாவது பயன்படுத்தலாம் என்று வகுப்புக்கு எடுத்துப் போனேன். அங்கே இன்னொன்று தெரிந்தது. தமிழில் எழுத்துக்கு மேல் புள்ளி வைத்தால் மெய்யெழுத்து என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறோம். பிள்ளைகள் இரட்டைப் புள்ளியையும் அப்படியே மெய்யாக வாசித்தார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை, நாம் கற்றுக்கொடுத்ததைத்தான் ஒழுங்காகச் செய்தார்கள். மாலையில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அந்தச் சிறுமியின் பாட்டி ஒவ்வொரு பக்கமாக என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்குது டீச்சரு. ஆனா இது எங்க பேச்சு இல்ல, அந்தப் பக்கத்து ஆளுங்க பேச்சு” என்றார். மேலநாடு, வெட்டக்காடு, ஊராளி என்று இருளர் மொழிக்குள் கிளைகள் இருக்கின்றன. நூல் எழுதியவர் பல பத்தாண்டுகளுக்கு முன் வேறொரு சரிவில் கேட்டதை எழுதியிருக்கிறார். அவர் எழுதியதும் சரி, பாட்டி சொன்னதும் சரி. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதை முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் இந்தக் காசு பிள்ளைகளுக்கே பயன்பட்டிருக்குமே என்ற ஆற்றாமை இன்னும் போகவில்லை.

அதனால் அச்சு விஷயத்தில் என் சொல்லைக் கேளுங்கள். முதலில் ஒலி, பிறகு கையெழுத்து, கடைசியில்தான் அச்சு. ஒரு பக்கத்தைக் கையால் எழுதி, படம் ஒட்டி, நகலெடுத்து வகுப்பில் வைத்துப் பாருங்கள். ஒரு பருவம் அது தாக்குப்பிடித்தால் மட்டும் அச்சைப் பற்றி யோசியுங்கள். தனிக் குறி தேவைப்பட்டால் எழுத்துக்குக் கீழே ஒரு கோடு போதும், மேலே எதையும் வைக்காதீர்கள். எந்தக் குறி என்று நீங்கள் தனியாக முடிவு செய்யாமல், ஊரில் படித்த இளைஞர்களை உட்காரவைத்து அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே தங்கள் மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்று அவர்களுக்குள் ஒரு பழக்கம் உருவாகியிருக்கும், அதிலிருந்து தொடங்குவது நல்லது. அச்சகத்துக்குக் கொடுக்கும்போது எழுத்துருவைப் பதித்த பிடிஎஃப் கோப்பாகவே கொடுங்கள். மாதிரிப் பக்கம் ஒன்றை அதே இயந்திரத்தில் அச்சடித்துக் கையில் வாங்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 200 படி தேவையே இல்லை. என் வகுப்புக்கு 25 போதும்.

படங்களுக்கு ஓவியரைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சிறுவர் நூல்கள் வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் சிறுவர் கதைகள் படங்களோடு திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. எந்த மொழிக்கு வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், அச்சடிக்கலாம். எழுதியவர், வரைந்தவர் பெயரையும் உரிமத்தையும் கடைசிப் பக்கத்தில் குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான். ஆரம்பத்தில் சொல் குறைவான, படம் நிறைந்த கதைகளை எடுங்கள். கதையைப் பெரியவர்களிடம் காட்டி அவர்கள் மொழியில் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தால், பாதி வேலை முடிந்தது. ஒடிசாவில் 2006 முதல் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வி நடக்கிறது, இப்போது 21 மொழிகளில் இருக்கிறது. விதைப்பு, அறுப்பு, சந்தை, திருவிழா என்று ஊரின் வாழ்க்கையை ஒட்டிப் பாடத்தைக் கோத்திருக்கிறார்கள். மொழி வேறு என்றாலும் அந்த அமைப்பை நாம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே பார்க்க வேண்டும் என்றால் கூடலூரில் வித்யோதயா பள்ளி இருக்கிறது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் பிள்ளைகளுக்கு அவர்கள் சமூகத்து ஆசிரியர்களே கற்பிக்கும் பள்ளி அது. கோத்தகிரியில் கீஸ்டோன் அமைப்பு நடத்தும் சமுதாய வானொலியில் பழங்குடி மொழிகளிலேயே நிகழ்ச்சிகள் வருகின்றன. புத்தகம் வாங்கப் புறப்படும் முன் ஒரு வாரம் அதைக் கேளுங்கள் என்றுதான் இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, ஊரின் சம்மதம். பாட்டுகளைச் சேகரிக்கத் தொடங்கியபோது ஒரு தாத்தா தயங்காமல் பாடினார். பக்கத்தில் இருந்த ஊர்த் தலைவரான மூப்பர் கையைக் காட்டி நிறுத்தினார். அது சாவு வீட்டில் பாடும் பாட்டு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாடக் கூடாது என்றார். அவர் நிறுத்தாவிட்டால் அது எங்கள் காலை வழிபாட்டுக்கே வந்திருக்கும். எந்தப் பாட்டு, எந்தக் கதை, எந்தச் சாமி பற்றிய பேச்சு வகுப்புக்கு வரலாம், எது வரக் கூடாது என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும். பாடுபவர் ஒருவர் சம்மதித்தால் போதாது. மூப்பர், பெரிய பெண்கள், பிள்ளைகளின் பெற்றோர் எல்லோரும் இருக்கும் கூட்டத்தில் கேளுங்கள். அந்தச் சம்மதத்தையும் அவர்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். வகுப்பில் மட்டும் கேட்கவா, மற்றப் பள்ளிகளுக்கும் கொடுக்கலாமா, இணையத்தில் ஏற்றலாமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். எங்கள் ஊரில் முதல் இரண்டுக்குச் சரி என்றார்கள், மூன்றாவதற்கு வேண்டாம் என்றார்கள். அதனால் எங்கள் பதிவுகள் எதுவும் இணையத்தில் இல்லை. பெரியவர் ஒருவர் வகுப்புக்கு வந்து கதை சொன்னால் அவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. டீ, பிஸ்கட்டோடு அனுப்புவது நியாயமே இல்லை. நாங்கள் ஒரு அமர்வுக்கு 500 ரூபாய் கொடுக்கிறோம். ஓவியருக்கும் அச்சகத்துக்கும் காசு எடுத்து வைக்கிறோம், மொழியைத் தருபவருக்கு மட்டும் எடுத்து வைப்பதில்லை. இந்தப் பழக்கம் மாற வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

பதிவு செய்வதில் சில சின்ன விஷயங்கள். விலை உயர்ந்த கருவி வேண்டாம், கைபேசியும் சட்டையில் மாட்டும் 700 ரூபாய் மைக்கும் போதும். சுருக்கப்படாத வேவ் வடிவத்தில் சேமிக்கும் செயலியைப் பயன்படுத்துங்கள். தகரக் கூரைக்கு அடியில் மழை நேரத்தில் உட்காராதீர்கள், ஒன்றுமே கேட்காது. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பேசுபவர் பெயர், ஊர், தேதி சொல்லச் சொல்லுங்கள். கோப்பின் பெயர் அழிந்து குழம்பினாலும் குரலிலிருந்து கண்டுபிடித்துவிடலாம். என் பழைய கைபேசி தண்ணீரில் விழுந்து ஒரு பாட்டியின் கதைகள் மொத்தமாகப் போயின. அவர் அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார். அந்தக் கதைகளை அதே மாதிரி சொல்ல அந்த ஊரில் இப்போது ஆளில்லை. எனவே அன்றன்றே இரண்டு இடத்தில் நகல் எடுங்கள், மூன்றாவது நகலை ஊரிலேயே ஒரு வீட்டில் மெமரி கார்டில் கொடுத்து வையுங்கள்.

எதிர்ப்பு வரும், அதற்கும் தயாராக இருங்கள். முதலில் கேட்டது ஒரு அப்பா. “எங்க பாஷை எங்க வீட்ல இருக்கு. நீங்க தமிழும் இங்கிலீஷும் சொல்லிக் குடுங்க” என்றார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. தன் மொழியைக் காட்டுப் பாஷை என்று மற்றவர்கள் சிரித்ததைக் கேட்டு வளர்ந்தவர் அவர். வாதாடாமல் அவரை வகுப்பில் வந்து உட்காரச் சொன்னேன். கதையை முதலில் அவர்கள் மொழியில் கேட்ட பிள்ளைகள், அதே கதையைத் தமிழில் வாசிக்கும்போது தயங்காமல் வாசித்ததை அவரே பார்த்தார். அதன் பிறகு பள்ளி மேலாண்மைக் குழுவில் எங்களுக்காகப் பேசியவரும் அவர்தான். மேலிருந்து வந்த அலுவலர் ஒருவர் வேறு விதமாகக் கேட்டார். பாடத்திட்டத்தில் இல்லாததை எந்த உத்தரவில் செய்கிறீர்கள் என்றார். அப்போது எனக்குச் சட்டம் தெரியாது, நின்றுகொண்டே இருந்தேன். நீங்கள் அப்படி நிற்க வேண்டாம். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழியில் கற்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு சொல்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, இயன்றவரை பயிற்றுமொழி பிள்ளையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி, மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு கோப்பில் வையுங்கள். தேசியக் கல்விக் கொள்கையிலும் இதே கருத்து உண்டு. ஆனால் நம் மாநிலத்தில் அதை எடுத்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும், சட்டமே போதும். 2024 நிதிநிலை அறிக்கையில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழிகளையும் கூடவே சௌராஷ்டிர, படுகர் மொழிகளையும் ஆவணப்படுத்த மாநில அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. அந்தப் பட்டியலில் இருளர், குறும்பர், பணியர் மொழிகள் இல்லை. அவையும் சேர வேண்டும் என்று எங்கள் குழு எழுதி அனுப்பியிருக்கிறது. உங்கள் பள்ளிக் குழுக்களும் எழுதினால் நல்லது.

இப்போது என் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளையும் இருளர் மொழிக்கு. மாதம் ஒருமுறை ஊரிலிருந்து ஒருவர் வருகிறார், மற்ற வாரங்களில் பதிவைப் போட்டுக் கேட்கிறோம். பிள்ளைகள் கேட்டதை வரைகிறார்கள், அடியில் தங்கள் மொழியில் ஒரு வரி எழுதுகிறார்கள். அந்தப் பக்கங்களைத் தைத்தால் புத்தகம். ஒரு படி நகலெடுக்க 40 ரூபாய்க்குள் முடிகிறது. நகலெடுக்கும் முன் ஊரில் மூன்று பெரியவர்கள் வாசிக்கக் கேட்டுத் திருத்துகிறார்கள். வேறு ஊர்ப் பிள்ளை எவராவது வகுப்பில் இருந்தால், அவர்கள் வீட்டில் அதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்டு அதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்கிறோம். தப்பென்று எதையும் அடிப்பதில்லை. பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் குறும்பர் பிள்ளைகளுக்கு இதே மாதிரி செய்ய எங்கள் தொகுப்பைக் கேட்டார். ஊர்க் கூட்டத்தில் கேட்டுவிட்டுக் கொடுத்தேன். சொற்களை அப்படியே எடுக்காதீர்கள், முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், முதல் மாதச் செலவில் பெரியவர்களுக்கான தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.